பொருள்: எவாபொரைட் – வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். உயர்தரப் பிள்ளைகளின் இரசாயனவியல் மலர் வெள்ளி அச்சுக்குப் போகிறது. பென்னு சிறுகோள் கட்டுரையில் ஒரு சொல் இடறுகிறது. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023 செப்டெம்பரில் இறக்கிய 121.6 கிராம் மாதிரியில் அமினோ அமிலங்களோடு, உவர்நீர் வற்றிப் படிந்த உப்புகளும் இருந்தன: பொசுபேற்று, காபனேற்று, குளோரைட்டு என்று பல. இந்தப் படிவுதான் எவாபொரைட். 'ஆவிப்படிவு' என்று போட்டிருக்கிறேன். சரியா?

முல்லைத்தீவிலிருந்து:
ரீச்சர், ஆவியே படிந்தது என்றுதான் பிள்ளைகள் விளங்குவார்கள். இங்கே ஆவி போய்விட்டது, எஞ்சியதுதான் படிவு. 'வற்றுபடிவு' நல்லது. வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. கரைசலிலிருந்து பிரிந்து விழும் திண்மத்துக்கு வீழ்படிவு என்ற சொல் ஏற்கெனவே பிள்ளைகளுக்குப் பழக்கம்.

வவுனியாவிலிருந்து:
தம்பி, வீழ்படிவில் வீழ்வது படிவு. ஊறுகாயில் ஊறுவது காய். வற்றுபடிவில் வற்றுவது நீரல்லவா? 'உவர்ப்படிவு' என்பதே தமிழ். உவர்ப்பு, உவர்நிலம், கடலுக்கு உவரி, எல்லாம் ஒரே வேர். முன்பு உவர்மண் எடுத்துத்தான் துணி வெளுத்தார்கள். அழுக்கை எடுத்தது அதிலிருந்த சோடியம் காபனேற்று. பென்னுவில் அகப்பட்ட துரோனா என்ற கனிமமும் அதே இனம்! இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

முல்லைத்தீவிலிருந்து:
ஐயா, உண்கலத்தில் கலமா உண்கிறது? ஆடரங்கில் அரங்கா ஆடுகிறது? வினைத்தொகை தாராளமாக நிற்கும்.

பரந்தனிலிருந்து:
ஆனையிறவு உப்பளத்தில் உப்பு விளையும் என்றுதான் சொல்வோம். நெய்தல் நிலத்து உப்பு வணிகரான உமணர் காலத்திலிருந்தே உப்பு விளைபொருள்தான். 'உப்புவிளைவு' என்றால் எங்கள் பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

கிளிநொச்சியிலிருந்து:
அண்ணை, பிள்ளைகளுக்கு விளைவு என்றால் இரசாயனத் தாக்கத்தின் விளைவு. குழம்பிவிடுவார்கள். உப்பு என்றால் கறியுப்பு மட்டும்தான் நினைவுக்கு வரும். உப்பளத்திலேயே கறியுப்பு திரளுமுன் ஜிப்சம் படிந்துவிடுகிறது. அதுவும் எவாபொரைட்தான், ஆனால் உவர்க்காது. அதனால் ஐயாவின் சொல்லும் முழுதாகப் பொருந்தவில்லை. நானும் வற்றுபடிவு பக்கம் நிற்கிறேன். அதையே போடுகிறேன். முதல் இடத்தில் அடைப்புக்குள் எவாபொரைட் என்றும் வரும்.

வவுனியாவிலிருந்து:
போடுங்கள் பிள்ளை, அச்சு காத்திருக்காது. ஆனால் எனக்கு உடன்பாடில்லை. நீர் வற்றியதைச் சொல்லும் சொல்லில் உவர் இல்லாமல் போவது குறைதான். உவர்மண் செய்தியையாவது அடிக்குறிப்பில் சேருங்கள். இரவு எழுதி அனுப்புகிறேன்.