மறு: ‘வார்ப்’ என்பதற்கு என்ன சொல்?

> தறியில் வார்ப் என்றால் பாவு. படத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, வணக்கம்.

காணொளித் தொகுப்பில் படத்தின் ஒரு பகுதியை இழுத்து வளைப்பதைத்தான் ‘வார்ப்’ என்கிறோம். ‘பாவு’ அருமையான சொல், ஆனால் இங்கே ஒட்டாது. ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கும் உண்டு, வெயிலில் கோணிப்போன பலகைக்கும் உண்டு. படத்துக்கு வந்தது பலகையின் பொருள். முன்பு ஒருவர் எழுதிய ‘வார்ப்பு’ காதுக்குப் பொருத்தமாகத் தோன்றும். அது உருக்கி ஊற்றுவது. ‘வார்ப்புரு’வும் டெம்ப்ளேட்டுக்குப் போய்விட்டது.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காணொளித் தொகுப்பு வேலை பார்க்கிறேன். அண்மையில் ஒரு குறும்படம். லயத்து வாசலில் நிற்கும் ஆடு பேச வேண்டும். நியூக் என்ற தொகுப்பு மென்பொருளில், கோடு வரைந்து படத்தை வளைக்கும் ஸ்பிளைன்வார்ப் என்ற கருவியை எடுத்து, கீழுதட்டை ஒட்டி ஒரு கோடு வரைந்தேன். உதடு இப்போது இருக்கும் இடம் அது. அதன் நகலைச் சற்றுக் கீழே இறக்கினேன், உதடு போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு. புதிய படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பழைய படத்தில் எந்த இடத்து நிறத்தை எடுப்பது என்று மென்பொருள் கணக்குப் பார்த்து நிரப்புகிறது. அசைபோடும்போது லேசாகத் திறந்திருந்த வாய் நன்றாகவே திறந்தது. கூடவே தாடியும் கழுத்து மணியும் இறங்கிவிட்டன! கழுத்தை ஒட்டி அசையாத இன்னொரு கோடு போட்ட பிறகுதான் மணி அதனிடத்தில் நின்றது.

இதற்கு நான் முன்வைப்பது ‘நெளிப்பு’. அப்பா தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். பால்மரப் (ரப்பர் மரம்) பலகை வெயிலில் கிடந்தால் “நெளிஞ்சிருச்சி” என்பார். தகரத்தை மடக்கச் சொல்லும்போது “கொஞ்சம் நெளிச்சுக் குடு” என்பார். தானாக ஆவது நெளிவு, நாமாகச் செய்வது நெளிப்பு. ஆங்கிலச் சொல்லில் இந்த வேறுபாடு தெரியாது. நமக்கு ‘நெளிந்தது’, ‘நெளித்தது’ என்று ஒற்றெழுத்திலேயே தெரிந்துவிடுகிறது. இதை விட்டுவிடக் கூடாது.

‘திரிபு’ லென்ஸுக்கே இருக்கட்டும். விளிம்பில் நேர்க்கோடு வளைந்து தெரிகிறதே, அதற்கு. ‘உருமாற்றம்’ மார்ஃபுக்கு, அதாவது ஓர் உருவம் மெல்ல இன்னோர் உருவமாவதற்கு. 1992ல் பையர், நீலி என்ற கணினி வரைகலை ஆய்வாளர்கள் இருவர் கோட்டு இணைகளைக் கொண்டு ஒரு முகத்தை இன்னொரு முகமாக்கும் முறையை எழுதினார்கள். அதிலும் முதலில் இரண்டு படங்களையும் ஒன்றையொன்று நோக்கி நெளித்து, பிறகே கலக்கிறார்கள். நெளிப்பு அங்கே பாதி வேலைதான் என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் குழப்பம் வரும்.

கோடுகளுக்கு: உதடு இப்போது இருக்கும் இடத்தில் போட்டது மூலப் பிடிகோடு, போய்ச் சேர வேண்டிய இடத்தில் போட்டது இலக்குப் பிடிகோடு. மணியை நிறுத்திவைத்தேனே, அது வேலிக்கோடு. ‘எல்லைக்கோடு’ என்றால் படச்சட்டத்தின் ஓரம் என்று நினைத்துவிடுவார்கள்.

‘பிடிகோடு’ மட்டும் எனக்கு முழு நிறைவாக இல்லை. வளைகோட்டின் புள்ளியில் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை இங்கே பையன்கள் ‘பிடி’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள், ஐயா. அடுத்த வகுப்புக்கு முன் கையேட்டில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து