மாக்கட்டி எப்படி மாத்திரையானது?

வன்னியான்: 2018 பெப்ரவரி, அம்பாறை. முஸ்லிம் சாப்பாட்டுக்கடைக் கறிக்குள்ள கிடந்த கட்டியைக் காட்டி, சிங்களவரை மலடாக்கிற மாத்திரை எண்டு கடையையும் பள்ளிவாசலையும் உடைச்சவை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதிச்சு வெறும் மா எண்டு சொன்ன பிறகும் கதை சாகேல்லை. இது முழுக்க அரசியல்வாதியின்ட வேலை. சனத்தில பிழையில்லை எண்டுதான் நான் சொல்லுவன்.

கல்முனைக் காக்கா: சனத்தில பிழையில்லையோ தம்பி? அந்த வீடியோவப் பாருங்க. சிங்களம் சரியா விளங்காத கடைக்காரர், சுத்தி நிண்டு மிரட்டினதும் "போட்டம்" எண்டு தலையாட்டுறார். அடுத்த கிழமை கண்டிப் பக்கம் திகனயில முஸ்லிம் கடையள் எரிஞ்சது. அவசரகாலச் சட்டம் போட்டு ஃபேஸ்புக்கையும் மறிச்சாங்க. அந்த வீடியோவத் தமிழ் ஆக்களும்தான் பகிர்ந்தாங்க.

ஈழவன்83: எல்லாத்தையும் கட்டுக்கதை எண்டு தள்ளாதேங்கோ. 83 ஜூலையில தமிழரின்ட வீடுகளை எரிச்ச காடையரின்ட கையில வாக்காளர் இடாப்பு இருந்தது. "இது திட்டமிட்ட சதி" எண்டு அண்டைக்குச் சொன்ன எங்களையும் விசரர் எண்டுதானே சொன்னவை?

கணக்கு வாத்தியார்: பாதிதான் சொல்லுறியள் ஈழவன். அதே ஜூலையில ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவின்ட அரசாங்கமும் ஒரு சதிக்கதை சொன்னது. இடதுசாரியள்தான் செய்தவை எண்டு ஜே.வி.பி., கம்யூனிஸ்ட் கட்சி, நவ சமசமாஜக் கட்சி மூண்டையும் தடை செய்தது. இடாப்பைக் கண்ணால கண்ட சாட்சி இருக்கு. மற்றதுக்கு ஒண்டுமில்லை. மாத்திரையும் அப்பிடித்தான்: வாயால விழுங்கி நிரந்தர மலடாக்கிற மருந்து எண்டு ஒண்டு உலகத்திலேயே இல்லை. 1981 இல சிங்களவர் 74 வீதம், 2012 இல 74.9. எங்க குறைஞ்சது?

ஈழவன்83: முஸ்லிம்கள் கூடினது உண்மைதானே?

கணக்கு வாத்தியார்: ஓம், கூடினது. குறைஞ்சது ஆர் எண்டும் பாருங்கோவன். இலங்கைத் தமிழர் 12.7 இலயிருந்து 11.2. நாங்கள் என்ன, மாத்திரை திண்டே குறைஞ்சனாங்கள்? செத்தும் கனடாவுக்குப் போயும் குறைஞ்சனாங்கள்.

வன்னியான்: 2019 ஐயும் பாருங்கோ. ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாசத்தில, குருநாகலில ஒரு முஸ்லிம் வைத்தியர் 4000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாக் கருத்தடை செய்ததா ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில போட்டது. பெயர் போடேல்லை, எண்டாலும் ஆளைப் பிடிச்சு உள்ள போட்டவை. ஆதாரம் இல்லை எண்டு பிறகு சீ.ஐ.டி.யே நீதிமன்றத்தில சொன்னது. கதையைக் கட்டினது பத்திரிகை. சனம் என்ன செய்யும்?

கல்முனைக் காக்கா: சனம் என்ன செஞ்சது எண்டு நான் சொல்றன். நூற்றுக்கணக்கான பொம்பிளையள் முறைப்பாடு குடுக்க வந்தாங்க. அவங்க எல்லாரையும் பொய்க்காரர் எண்டு நான் சொல்லமாட்டன் தம்பி. புள்ள இல்லாத கவலை உண்மை. எத்தினையோ வருசம் காரணம் தெரியாமத் தவிச்சவங்களுக்கு ஒரு காரணம் கிடைச்சிட்டு, அதுக்கு ஒரு முகமும் கிடைச்சிட்டு. அரசியல்வாதி பேசாம இருந்தாலும் அது லேசில போகாது.

வன்னியான்: இதை நான் யோசிக்கேல்லை காக்கா. எண்டாலும் முகத்தைக் காட்டினவன்தான் முதல் குற்றவாளி.

ஈழவன்83: அப்ப ஈஸ்டர் குண்டுக்குப் பின்னால ஆர் எண்டு கேக்கிறதும் சதிக்கதையோ வாத்தியார்?

கணக்கு வாத்தியார்: கேளுங்கோ, கட்டாயம் கேக்கத்தான் வேணும். ஆனா அதை வேற இழையில கேளுங்கோ. எனக்கு இண்டைக்கு விடைத்தாள் திருத்தக் கிடக்கு.