பளிங்கடக்கி: உறைவிந்தில் சேர்க்கும் புரதத்துக்கு ஒரு பெயர்

அண்ணனுக்கும் கலைச்சொல் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மலையகத் தோட்டங்களில் மாடு வளர்ப்பவர்களுக்கான கைந்நூலில், உறைய வைத்துப் பாதுகாக்கும் விந்தில் (உறைவிந்தில்) சேர்க்கும் antifreeze protein என்பதற்கு "உறைவெதிர்ப்புப் புரதம்" என்று போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயர் வேண்டாம், அண்ணன். பால்காரர் வீட்டில் உறை என்றால் தயிருக்கு ஊற்றும் உறைமோர். பள்ளிக்கூடத்தில் உறைதல் என்றதும் பிள்ளைகளுக்குக் குருதி உறைதல்தான் முதலில் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், விந்தை நாம் உறைய வைக்கத்தான் போகிறோம். குண்டசாலைச் செயற்கைச் சினைப்படுத்தல் நிலையத்திலிருந்து வரும் ஸ்ட்ரோ, அதாவது விந்து அடைத்த மெல்லிய குழாய், திரவ நைதரசனில் மறை 196 (−196) பாகை செல்சியஸில் கிடக்கிறது. அதற்குள் உறைவை எதிர்க்கும் பொருள் இருக்கிறது என்று சொன்னால் வாசிப்பவர் குழம்பிப்போவார்.

உறைவெதிர்ப்பு என்ற பழைய பெயர் வந்த வழி வேறு. அந்தாட்டிக் கடல் மீன்களின் இரத்தத்தில் இந்தப் புரதங்களை ஆர்தர் டிவ்ரைஸ் 1960களில் கண்டறிந்தார். கடல் நீர் ஏறத்தாழ மறை 1.9 பாகையில்தான் உறையும். அந்தக் குளிரிலும் மீனின் உடலில் பனிக்கட்டி வளராமல் அவை காத்தன. மீனுக்கு அந்தப் பெயர் சரி.

ஸ்ட்ரோவுக்குள் நடப்பது வேறு. அங்கே பனிக்கட்டி உருவாகத்தான் செய்யும். இந்தப் புரதம் பனிப்பளிங்கின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அதைப் பெரிதாக வளர விடாது. சினைப்படுத்தும் முன் ஸ்ட்ரோவை 37 பாகை வெந்நீரில் இடும்போதும் ஆபத்து உண்டு. உருகும் வழியில் சிறிய பளிங்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, விந்துக் கலத்தின் மென்சவ்வைக் கிழிக்கும். நுவரெலியாவில் தை, மாசியில் உறைபனி விழுந்த மறுநாள் தேயிலைக் கொழுந்து கருகி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, கலத்துக்குப் பனிக்கட்டி செய்யும் கேட்டை நீட்டி விளக்கத் தேவையில்லை.

ஆகவே "பளிங்கடக்கிப் புரதம்" என்று சொல்வோம். தடுப்பான் என்று போட்டால் பளிங்கே வராது என்றாகிவிடும். அடக்கி என்றால் வந்ததை வளர விடாமல் வைப்பது. தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் பளிங்கு என்றதும் கல் நினைவுக்கு வரும், படிகம் என்றால்தான் விளங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கைந்நூல் ஹற்றனிலும் தலவாக்கலையிலும் வாசிக்கப்படப் போகிறது. இங்கே பாடப்புத்தகத்தில் பளிங்குதான். குழுவின் பொதுப் பட்டியலில் படிகமடக்கி என்பதையும் பக்கத்தில் போட்டுவிடலாம்.

அளவு பற்றிய எச்சரிக்கையையும் அந்தப் பக்கத்திலேயே சேர்க்க வேண்டும். இந்தப் புரதம் மிகுந்தால் பளிங்குகள் ஊசி வடிவில் வளர்ந்து கலத்தைக் குத்தும். காளை, ஆட்டுக்கடா விந்தில் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளிலும் விளைவு ஒரே மாதிரி வரவில்லை. பெயர் நன்றாக அமைந்துவிட்டது என்பதற்காக இதை அற்புத மருந்தாக எழுதிவிடக் கூடாது.

அப்புறம், விந்தில் சேர்க்கும் எல்லாப் புரதத்தையும் இதே பெயரில் அடக்க வேண்டாம். முட்டை மஞ்சட்கருவின் கொழுப்புப்புரதமும் பாலின் கேசீனும் விந்துப்பாயத்தில், அதாவது விந்தின் திரவப் பகுதியில், உள்ள சில புரதங்களைப் பிடித்து வைத்து, மென்சவ்வு கொழுப்பை இழக்காமல் காக்கின்றன. மாட்டுக் குருதியிலிருந்து எடுக்கும் அல்புமின் என்ற புரதம் ஒட்சியேற்றச் சேதத்தைக் குறைக்கிறது. இவற்றுக்கு "மென்சவ்வுக் காப்புப் புரதம்" பொருந்தும். கிளிசரோல் புரதமே இல்லை. 1949இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் சேவல் விந்தில் அதன் பயனைக் காட்டியதிலிருந்து உறைவிந்துத் தொழிலே அதன் மேல்தான் நிற்கிறது. அதற்கு "குளிர்க்காப்பான்" போதும்.

கைந்நூலில் வாக்கியம் இப்படி வரலாம்: "விந்துக் கரைசலில் சிறிதளவு பளிங்கடக்கிப் புரதம் சேர்த்தால், உறையும்போதும் உருகும்போதும் பனிப்பளிங்குகள் பெரிதாகாமல் இருக்க உதவலாம்."

விந்தை ஐதாக்கிக் காக்கக் கலக்கும் எக்ஸ்டெண்டருக்கு இப்போதைக்கு "விந்துக் கரைசல்" என்று போட்டிருக்கிறேன். மிருக வைத்தியர் யாராவது குழுவில் இருந்தால், வேலைத்தளத்தில் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் மாற்றிக்கொள்ளலாம்.