280 நானோமீட்டரில் தெரியாத பெப்டைடு: எஃப்டிஐஆரில் செறிவு அளக்கலாமா?

மிண்டன் மாணவி:
வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். 12 அமினோ அமிலம் கொண்ட ஒரு பெப்டைடு ஒரு நொதியை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறேன். முதல் பேட்ச்சில் ஐசி50 (நொதியைப் பாதியாகத் தடுக்கத் தேவையான செறிவு) 4 மைக்ரோமோலார், இரண்டாவதில் 6. மூன்று முறை திரும்பச் செய்தும் அதே வித்தியாசம்தான். இரண்டுக்கும் எச்பிஎல்சி (கலவையைப் பிரித்துப் பார்க்கும் திரவ நிறப்பகுப்பு) தூய்மை 98 சதவீதம். மூலக்கூறு எடை சுமார் 1400, அதனால் 1.4 மில்லிகிராம் எடை போட்டு 100 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து 10 மில்லிமோலார் என்று எழுதி வைத்தேன். அந்த 10தான் தப்போ என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஒளியை உறிஞ்சும் டிரிப்டோபன், டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டுமே இல்லாததால் 280 நானோமீட்டரில் ஒன்றும் தெரியவில்லை. எஃப்டிஐஆரில் (அகச்சிவப்பு ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) செறிவை அளக்க முடியுமா? லைசின் மூன்று இருக்கிறது.

பங்சார் வேதியியல்:
சரியான இடத்தில்தான் சந்தேகப்படுகிறீர்கள். எச்பிஎல்சி தூய்மை உப்பையும் தண்ணீரையும் கணக்கில் எடுப்பதே இல்லை. மூன்று லைசினும் பெப்டைடின் N-முனையும் (அமினோ முனை) சேர்ந்து நான்கு நேர்மின் இடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டிஎஃப்ஏ (தூய்மையாக்கும்போது உப்பாகச் சேரும் டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம், எடை 114) ஒட்டினால் 4 × 114 = 456. ஆக 1856இல் 1400தான் பெப்டைடு, அதாவது 75 சதவீதம். பொடியில் உள்ள ஈரம் இதில் சேரவில்லை. உங்கள் 10 உண்மையில் 7.5க்கும் கீழே இருக்கலாம், அப்போது நல்ல மூலக்கூறு ஒன்று வலுவற்றது என்று பட்டியலிலிருந்து வெளியே போய்விடும். அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கிளாங் லேப் அக்கா:
முடியும் தங்கச்சி. பெப்டைடுப் பிணைப்பின் அமைடு 1 பட்டை 1600 முதல் 1700 செ.மீ⁻¹ வரை வரும், அதற்கு டைரோசின் தேவையில்லை. ஆனால் தண்ணீரும் 1645 அருகில் பலமாக உறிஞ்சும், அதனால் நீர்க்கரைசல் என்றால் செல்லின் இடைவெளி 10 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். உங்களுடையது டிஎம்எஸ்ஓ, அந்தப் பகுதியில் அது பெரும்பாலும் தெளிவு, 50 மைக்ரான் கால்சியம் புளோரைடு செல்லிலேயே பார்க்கலாம். அளவுக்கோட்டையும் (தெரிந்த செறிவுகளை வைத்துப் போடும் ஒப்பீட்டுக் கோடு) டிஎம்எஸ்ஓவிலேயே போடுங்கள், அதே பெப்டைடில் ஒரு பங்கை அமினோ அமிலப் பகுப்பாய்வுக்கு (6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 110 டிகிரி, 24 மணி நேரம்) அனுப்பி அந்த எண்ணை வைத்துப் போட்டால் இன்னும் நல்லது. அல்புமின் புரதத்தை வைத்துப் போடாதீர்கள், மடிப்பு மாறினால் பட்டையும் நகரும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. டிஎஃப்ஏ 1673 அருகில் அமைடு 1 மேலேயே வந்து உட்காரும், பெப்டைடு அதிகம் இருப்பது போலக் காட்டும். 1200, 1140 பக்கம் கூர்மையான பட்டைகள் தெரிந்தால் அது இருக்கிறது என்று அர்த்தம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து இரண்டு மூன்று முறை உறைய வைத்து உலர்த்தி, குளோரைடு உப்பாக மாற்றிவிட்டு அளங்கள்.

ஈப்போக்காரன்:
நம் ஊர் ஈரத்தை மறந்துவிடாதீர்கள். நீராவியின் மெல்லிய கோடுகள் அமைடு 1 மேலேயே விழும், அதனால் உலர்ந்த நைட்ரஜனைக் கருவிக்குள் போதுமான நேரம் ஓட விடுங்கள், ஒப்பிட வைக்கும் வெற்று டிஎம்எஸ்ஓவும் புதிதாகத் திறந்த பாட்டிலாக இருக்கட்டும், அது ஈரத்தை இழுக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்கவே கூடாது, அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் மூடியைத் தொட வேண்டும்.

மிண்டன் மாணவி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. பெப்டைடுகளோடு வந்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன், முதல் பேட்ச் அசிடேட் உப்பு, இரண்டாவது டிஎஃப்ஏ உப்பு. அசிடேட் என்றால் 4 × 60 = 240 சேர்ந்து 1640இல் 1400, 85 சதவீதம். உப்புக் கணக்கு மட்டும் 4ஐ 4.5 ஆக்கும், 6 ஆக்காது. இரண்டாவது குப்பியை நான் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு திறந்திருக்கிறேன், அதுவும் பல தடவை. செவ்வாய்க்கிழமை கருவியைப் பதிவு செய்துவிட்டேன், இரண்டையும் குளோரைடாக மாற்றி அளந்துவிட்டு எண்களை இங்கேயே போடுகிறேன்.