பயந்து நடுங்குன நேரத்துல எது உங்களைப் பிடிச்சு நிறுத்துச்சு? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கடக்கரைப்பிள்ளை:
சாட்சி சொல்றதுன்னாலே எனக்கு ஒரு கூச்சம். ஏன்னா சாட்சி எல்லாம் எப்பவும் வியாதி போச்சு கடன் தீந்துச்சு அல்லேலூயான்னுதான் முடியும், எனக்க கதை அப்படி முடியாது. இருந்தாலும் நானே ஆரம்பிக்கிறேன், பெறவு நீங்களும் சொல்லுங்க.

எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல மேக்க, தூத்தூர் பக்கம். எங்க ஆளுக தங்கல் தொழில் பாக்கறவங்க, காலைல போய் மத்தியானம் வர்ற மீன்பிடி இல்ல, கொச்சி தோப்பும்படியில இருந்து போட்டைக் கிளப்புனா வாரக்கணக்கா கடல்லதான், சுறாவும் சூரையும் தேடி எவ்வளவு தூரம்னாலும் போவாங்க. 2017 நவம்பர் கடைசில அப்பா கடல்ல. 30ஆம் தேதி வியாழக்கிழமை ஒக்கி புயல் அடிச்சுச்சு. எச்சரிக்கை வந்தப்ப தங்கல் போட் எல்லாம் என்னைக்கோ போயாச்சு, வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டவும் செய்யாது. ஊருக்குள்ள வாழையும் ரப்பரும் சாஞ்சு கிடக்கு, கரண்ட் இல்ல, டவர் இல்ல. அன்னைக்கு புனித அந்திரேயா திருநாள், அவரும் மீன்பிடிக்காரருதான். இதைப் பாட்டிதான் சொன்னா, சொல்லிட்டு நல்ல நாள் பாத்தியான்னு ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க, அந்தச் சிரிப்புக்கே எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு.

கோயில்ல ஒரு நோட்டு போட்டாங்க. படகு பேரு, ஆள் பேரு, வயசு. தகவல் கிடைச்சா பேருக்கு நேரா ஒரு டிக். எனக்கு கையெழுத்து நல்லாருக்கும்னு நோட்டை என்கிட்ட குடுத்துட்டாங்க, நான் அப்ப காலேஜ் ரெண்டாம் வருஷம். ஒவ்வொரு வீட்டுப் பொம்பளையும் வந்து சொல்லச் சொல்ல எழுதுறேன், எல்லாம் நல்லாத்தான் எழுதுனேன், எனக்க அப்பா பேரு வந்தப்ப பேனா ஓடல. முதல் எழுத்து எழுதிட்டு அப்படியே உக்காந்திருக்கேன். பின்னாடி லைன்ல நின்ன பக்கத்து வீட்டு சித்தி எனக்க கைய அவ கைக்குள்ள வச்சு அப்படியே எழுத வச்சா, சின்னப் பிள்ளைக்கு அ ஆ எழுதிப் பழக்குற மாதிரி. அடுத்த வரியில சித்தப்பா பேரு.

ராத்திரி எல்லாம் செபமாலை. பாட்டி மட்டும் மணி உருட்டல. பீடத்துக்குப் பக்கத்துல போய் நின்னுக்கிட்டு ‘என்ன, பின்னணியத்துல தலையணை வச்சுப் படுத்திருக்கியா? போதும் உறங்குனது, எழும்பு’ன்னு சத்தமா சொல்றா. மாற்கு நற்செய்தியில புயல்ல மாட்டுன படகுல இயேசு உறங்கிட்டிருந்தப்ப அவரை எழுப்பி சீஷங்க கேட்ட அதே கேள்விதான், நாங்க சாகுறது உமக்குக் கவலையில்லையான்னு. எனக்கு அதுவரைக்கும் கடவுள்கிட்ட மரியாதையாத்தான் பேசணும்னு நினைப்பு. கோபப்பட்டும் பேசலாம், பேசிட்டு அங்கேயே நிக்கலாம்னு தெரிஞ்சதுக்குப் பெறவுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. டிசம்பர் 7 காணாமப் போனவங்களைத் தேடச் சொல்லி குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல ஊர் ஊரா போய் தண்டவாளத்துல உக்காந்தப்ப முட்டி வலிக்குதுன்னு மாடிப்படி ஏறாத அதே பாட்டி எனக்கு முன்னால உக்காந்திருந்தா.

அப்பா லட்சத்தீவுல ஒதுங்கி, டிசம்பர் பாதியில வீட்டுக்கு வந்தாரு. செபம் சொன்னியான்னு அம்மா கேட்டதுக்கு, ‘தண்ணி கோரவே கை போதல, செபம் நீங்க சொல்லியிருப்பீங்கன்னு விட்டுட்டேன்’னாரு. அப்பா பேருக்கு நான்தான் டிக் போட்டேன். கீழ் வரிக்கு டிக் வரல. இன்னைக்கு வரைக்கும் வரல. கோயில்ல நன்றிப் பூசை வைக்கலாம்னு யாரோ சொன்னதுக்கு அம்மா வேண்டாம்னுட்டா, சித்தி அதே பெஞ்சுலதான் உக்காருவா.

வேளாங்கண்ணி யாத்திரிகன்:
தங்கச்சி, நீங்க கடைசியா சொன்னது எனக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள் ஞாயித்துக்கிழமை, சுனாமி வந்தப்ப நாங்க வேளாங்கண்ணியில இருந்தோம். கோயிலுக்குள்ள தண்ணி வரலன்னு எல்லாரும் அற்புதமா சொல்லுவாங்க, சொல்லட்டும். ஆனா கடற்கரைக்குப் போனவங்களும் மாதாவைப் பாக்க வந்தவங்கதானே. நான் டீ குடிக்க லேட்டானதால கோயில் பக்கமே நின்னுட்டேன், என் தைரியம் எல்லாம் ஒரு டீ அளவுதான். மாதா காப்பாத்துனாங்கன்னு நான் இதுவரைக்கும் மேடையில சொன்னதில்ல. வருஷா வருஷம் போறேன், கடலைப் பாத்துட்டு ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துடுவேன்.

நைட் டூட்டி:
நான் நர்ஸ். திருநெல்வேலி பக்கம், சிஎஸ்ஐ சபை, வேலை சென்னையில. 2021 மே மாசம் கோவிட் வார்டு. அந்த மாசத்தைப் பத்தி நிறைய பேர் நிறைய எழுதிட்டாங்க அதனால வார்டு எப்படி இருந்துச்சுன்னு நான் திரும்பச் சொல்லல, டிரெஸ் மாத்துற ரூமைப் பத்தி மட்டும் சொல்றேன். ஏன்னா என் பயம் எல்லாம் அந்த ரூம்லதான். உள்ள போயிட்டா வேலை இருக்கும், பயப்பட டைம் இருக்காது. வெளிய வீட்டுல மாமியாரும் நாலு வயசுப் பையனும்.

சங்கீதம் 56ல ஒரு வசனம் இருக்கு, ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்’. அஞ்சே வார்த்தை. நான்னு சொல்லி உள் கிளவுஸ், பயப்படுகிறன்னு கவர்ஆல் ஜிப், நாளில்னு என்95 மூக்குக் கம்பியை அமுக்குறது, உம்மைக்கு காகில்ஸ், நம்புவேன்னு வெளி கிளவுஸ். கதவு. தினமும் இதேதான். ஒரு நாள் அவசரத்துல காகில்ஸை முதல்ல மாட்டிட்டு எல்லாம் கழட்டித் திரும்ப ஆரம்பிச்சேன், கூட இருந்த பொண்ணு என்னை ஒரு மாதிரி பாத்துச்சு.

எனக்கு அந்த வசனத்துல பிடிச்சதே அது பயப்படலன்னு சொல்லாததுதான். தாவீது அதைப் பாடுனது காத் ஊர்ல பெலிஸ்தர் கையில மாட்டிக்கிட்டப்பன்னு சங்கீதத் தலைப்புலயே போட்டிருக்கும். கோலியாத்தோட ஊரு அது. அந்த ஊர்ல தாவீது என்ன பண்ணாருன்னு சாமுவேல் புத்தகத்துல இருக்கு, பைத்தியக்காரன் மாதிரி கதவைக் கீறி தாடியில எச்சில் ஒழுக விட்டுத் தப்பிச்சாரு. சண்டே ஸ்கூல்ல கோலியாத்தை அடிச்ச கதையை மட்டும் நூறு தடவை சொல்லுவாங்க, இதை யாரும் சொல்றதில்ல.

வார்டுல ஒரு தாத்தா, சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, 84, குப்புறப் படுக்கச் சொன்னா மாட்டேங்கறாரு, படுத்தா மூச்சு நின்னுரும்னு பயம். ஆக்சிஜன் சத்தத்துல நான் கத்துறது அவருக்குக் கேக்கல, காகில்ஸ் எல்லாம் ஆவி படிஞ்சு அவர் முகமே எனக்கு மங்கலாத்தான் தெரியுது. கிட்டக் குனிஞ்சேன், ‘உனக்குப் பயம் இல்லையாம்மா’ன்னு கேட்டாரு. ‘ரொம்பப் பயமா இருக்கு தாத்தா, திரும்பிப் படுங்க’ன்னேன். என்ன தோணுச்சோ படுத்துட்டாரு. என் ரெண்டு விரலை மட்டும் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம். 84, 88, 91ன்னு ஏறுச்சு.

குவாரன்டைன் முடிச்சு நான் திரும்பி வந்தப்ப அந்த பெட்ல வேற ஆள். டிஸ்சார்ஜான்னு ரெஜிஸ்டர்ல பாத்திருக்கலாம். பாக்கல. அதுக்கு மட்டும் எனக்கு இன்னும் தைரியம் வரல.

மடிப்பாக்கம் பையன்:
அக்கா, பயமா இருக்குன்னு நீங்க சொன்னதும் அவர் படுத்தாரு பாருங்க, எனக்கு அதுதான் வேணும். எனக்கு பேனிக் அட்டாக். ஆபிஸ்ல ஒரு நாள் நெஞ்சு அடைச்சு கை மரத்து செத்தே போறேன்னு நினைச்சு ஓடுனா ஈசிஜி நார்மல். அப்புறம் அடிக்கடி. ஜெபக் குழுவுல சொன்னா, தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கலைன்னு ஆளாளுக்கு வசனம், அப்ப எனக்கு இருக்கறது யார் கொடுத்த ஆவின்னு ராத்திரி எல்லாம் அது வேற பயம் 😅. கடைசில எங்க பாஸ்டரம்மாதான் தனியா கூப்பிட்டு ‘பல்லு வலிச்சா டாக்டர்கிட்ட போறேல்ல, இதுக்கும் போ’ன்னு திட்டி அனுப்புனாங்க. மாத்திரை போடுறேன், ஜெபமும் பண்றேன், ரெண்டுக்கும் சண்டை வரல.

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசுவே வேர்த்து விறுவிறுத்துப் போய் ‘என்னோடேகூட விழித்திருங்கள்’னு பேதுருவோட சேத்து மூணு பேரைக் கேக்கறாருல்ல, அவங்க தூங்கிருவாங்க. நானும் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்துச்சுன்னா ஃப்ரெண்டுக்கு ‘முழிச்சிருக்கியா’ன்னு ஒரு மெசேஜ் போடுவேன். அவன் பாதி நாள் தூங்கிருவான், பேதுரு பரம்பரை.

கிழக்குக் கரையான்:
நான் மட்டக்களப்பு, அப்ப வேலை கொழும்பில. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டு வெடிப்பு எண்டா எல்லாருக்கும் தெரியும்தானே, கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோவில், எங்கட ஊர் சீயோன் சபை, ஹோட்டல்கள். சீயோனில ஞாயிறு பாடசாலை முடிச்சு வெளிய நிண்ட பிள்ளையள். அதைப் பற்றி என்னால இதுக்கு மேல எழுத ஏலாது. நாங்கள் அண்டைக்கு வேற கோவிலுக்குப் போனதால தப்பினம்.

அதுக்குப் பிறகு ஞாயிறு பூசை நிப்பாட்டியாச்சு. 28ஆம் தேதி கர்தினால் மல்கம் ரஞ்சித் டீவியில பூசை செய்தவர், அம்மா முக்காடு போட்டு டீவிக்கு முன்னால முழந்தாளில நிண்டவ. எங்கட வீட்டுக்கு எதிர்ப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம், அவையும் அந்தக் கிழமை முழுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் இருந்தவை, ரெண்டு வீட்டுக்கும் நடுவில பத்தடி ரோட்டு, ரெண்டு பக்கமும் பயம்.

திரும்பக் கோவில் திறந்த நேரம் வாசலில ஆமி, பை கொண்டு போக ஏலாது, அடையாள அட்டை பார்த்துத்தான் உள்ள விடுறது. அம்மா வழமை போல முன் வரிசைக்குப் போயிட்டா. நான் எங்க இருக்கிறது எண்டு கணக்குப் போடுறன், கதவுக்குக் கிட்ட இருந்தா ஓடலாம், ஆனா வாறவன் கதவாலதானே வருவான். கடைசியில பக்கக் கதவுக்குக் கிட்ட ஒரு தூணுக்குப் பின்னால இருந்தன். பிரசங்கம் ஒண்டும் காதில ஏறேல்ல. நடுப் பூசையில ஒரு பெடியன் பிந்தி வந்து எனக்குப் பக்கத்தில இருந்தான், தடிச்ச சேட், முகமெல்லாம் வேர்வை. எழும்பி வெளிய போவம் எண்டு கால் தூக்கினது உண்மை. முன்னால அம்மாட தலை தெரியுது. ‘ஆண்டவரே இவனைப் பார்க்கப் பயமாக் கிடக்கு, நான் இருக்கப் போறன்’ எண்டு மட்டும் சொன்னன், அதுதான் அண்டைக்கு நான் சொன்ன முழுச் செபமும்.

சமாதானம் பரிமாறுற நேரம் அவன் என்ர பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். கை சில்லிட்டு ஈரமாக் கிடந்தது. என்ர கையும் அப்பிடித்தான். அவனும் என்னைப் பார்த்துத்தான் வேர்த்தவன் போல.

கடக்கரைப்பிள்ளை:
எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன், அந்த ஈரக் கையை மூணு தடவை. ஒருத்தங்க சித்தி எப்படி இருக்காங்கன்னு தனியா கேட்டாங்க. அவ மகன் அப்ப ஏழாம் வகுப்பு, இப்ப வளந்துட்டான், எவ்வளவு சொல்லியும் கேக்காம தங்கலுக்குத்தான் போறேன்னு நிக்கான். போன மாசம் கொச்சிக்குப் போற வேன் விடியக்காலை நாலு மணிக்கு ஜங்ஷன்ல வந்துச்சு, நானும் அம்மாவும் போனோம். சித்தி அழல. அவன் நெத்தியில சிலுவை போட்டா, கை நடுங்குச்சு, போட்டது வளைஞ்சு போச்சுன்னு அழிக்கிற மாதிரி தடவிட்டு இன்னொரு தடவை போட்டா. பெறவு ‘சார்ஜர் எடுத்தியாலே’ன்னா. அவன் எடுக்கல. வேன்காரன் ஹாரன் அடிக்க அடிக்க வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்துட்டு வந்து ஜன்னல் வழியா குடுத்தா.