முடக்குவாதம் இருந்தால் காதும் மந்தமாகுமா?

கேள்வி:
அம்மாவுக்கு 58 வயது, முடக்குவாதம் (மூட்டுகளில் அழற்சி வரும் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வந்து 11 வருடமாகிறது. மெத்தோட்ரெக்சேட்டும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சாப்பிடுகிறார். ஆறு மாதமாக டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார், குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று என்னிடம் கேட்கிறார், ராத்திரியில் காதுக்குள் சில்வண்டு கத்துகிறதாம். வயசாகிறது என்று விட்டுவிடலாமா?

பதில் 1:
விடாதீர்கள். நடுக்காதில் இருக்கும் மூன்று குட்டி எலும்புகளுக்கு நடுவேயும் மூட்டு உண்டு, முழங்காலில் இருக்கிற அதே வகை, அதனால் அங்கேயும் அழற்சி வரலாம். ஆனால் இந்த நோயில் அதிகம் பார்ப்பது உள்காது, நரம்புப் பக்கம் வரும் குறைதான். ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை, எடுத்தால் எது என்று தெரிந்துவிடும்.

பதில் 2:
மாத்திரையையும் கவனியுங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அபூர்வமாகக் காதைப் பாதிக்கும், ஆஸ்பிரின் அதிக அளவில் எடுத்தாலும் இரைச்சல் வரும். அதற்காக நீங்களே நிறுத்தாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து, விரலெல்லாம் வீங்கி சட்டைப் பட்டன்கூடப் போட முடியாமல் கிடந்தேன்.

பதில் 3:
காது மெஷின் வாங்கும்படி ஆனால் சார்ஜ் போடுகிற மாதிரி வாங்குங்கள். அந்தப் பொட்டு மாதிரி பேட்டரியைக் கோணிய விரலால் மாட்ட முடியாமல் என் அத்தையின் மெஷின் அலமாரியில் தூங்குகிறது. அப்புறம், திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் அன்றைக்கே ஈஎன்டி டாக்டரிடம் ஓடுங்கள்.

கேட்டவர்:
சரி, வெள்ளிக்கிழமை ஆடியோகிராமுக்குச் சொல்லியிருக்கிறேன். அம்மாவைக் கிளப்புவதுதான் பெரிய வேலை.