அமெரிக்கக் கடற்படை அடையாள வில்லை: எந்தப் போர்?

செப்புக்காசு: முட்டை வடிவ வில்லை ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஒரு பக்கம் பெயர், யு.எஸ்.என். (அமெரிக்கக் கடற்படை) என்ற எழுத்துகள், தேய்ந்துபோன தேதிகள். மறுபக்கம் விரல்ரேகை மாதிரி ஏதோ மங்கலாக. அசல்தானா?

நங்கூரம்: ரேகை நல்ல அறிகுறி. 1917 மே உத்தரவுப்படி மோனல் என்ற நிக்கல்-செம்புக் கலப்பு உலோகத்தில் வலது ஆள்காட்டி விரலை மையோடு ஒற்றி, நைட்ரிக் அமிலத்தில் அரிக்கவிட்டுப் பதித்தார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்திலும் ரேகை உண்டு, அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பிறந்த தேதியும் பணியில் சேர்ந்த தேதியும் இருந்தால் முதல் போர்; ரத்த வகை, டெட்டனஸ் ஊசிக்கான ‘டி’ இருந்தால் இரண்டாவது.

பழையஏடு: பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், ரேகை போயே போச்சு! அப்புறம், அமெரிக்கப் படையினரின் பணிக்கோப்புகள் இருக்கும் செயின்ட் லூயிஸ் காப்பகத்தின் 1973 தீயில் எல்லாமே எரிந்ததாகச் சொல்வார்கள். எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள்தான், கடற்படைக் கோப்புகள் தப்பின. பெயரைக் கொடுத்துக் கேளுங்கள்.

செப்புக்காசு: லென்ஸ் வைத்துப் பார்த்தேன், சேர்ந்த தேதி 1918. சரி, கேட்டு எழுதுகிறேன்.